‘தாயும் சேயும் நலம்’ என்று சொன்ன பிறகு

பிரசவம் முடிந்த கையோடு சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் வரும் முதல் செய்தி ‘தாயும் சேயும் நலம்’. அதோடு தாயைப் பற்றிய விசாரிப்பு அநேகமாக முடிந்துவிடும். எத்தனை கிலோ, யார் ஜாடை, மஞ்சள் காமாலை இருந்ததா, ராத்திரி அழுகிறதா என்று அடுத்த ஆறு மாதத்துக்குக் கேள்விகள் எல்லாம் பிள்ளையைப் பற்றித்தான். தாயிடம் ‘பூண்டு சாப்பிட்டியா’ என்று கேட்பதுகூடப் பால் ஊறுவதற்காகத்தான். அவள் தூங்கினாளா, பிள்ளையைத் தூக்கும்போது அவளுக்கு என்ன தோன்றுகிறது, அது அழ ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போல இருக்கிறதா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. அப்படித் தோன்றுகிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்து உதவுகிற ஒரு சிகிச்சை முறையும் இருக்கிறது. நம் பக்கத்தில் அது அவ்வளவாகத் தெரியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தாய்–சேய் உளச்சிகிச்சை என்று வைத்துக்கொள்வோம். அப்பாவோ பாட்டியோ வளர்க்கிற வீட்டில் அது அப்பா–சேய், பாட்டி–சேய். வழக்கமான கவுன்சிலிங்கில் ஒருத்தர் போய் உட்காருவார், அவருடைய மனசைப் பற்றிப் பேசுவார். இங்கே குழந்தையும் அறைக்குள்ளேயே இருக்கும், மடியிலோ பாயிலோ. சிகிச்சை தருகிறவர் ஒரு கண்ணைத் தாய் மேலும் ஒரு கண்ணைப் பிள்ளை மேலும் வைத்திருப்பார். இருவருக்கும் நடுவில் என்ன ஓடுகிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் இது நடக்கும். இங்கிலாந்தில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகாட், குழந்தை என்று தனியாக ஒன்று கிடையாது என்று சொன்னார். ஒரு குழந்தையைக் காட்டினால் அதைப் பார்த்துக்கொள்கிற ஒருவரையும் சேர்த்துத்தான் காட்ட முடியும் என்பது அவர் கருத்து.

நம் வீட்டுப் பாட்டிகள் இதை வேறு மாதிரி வைத்திருந்தார்கள். இரண்டு மாதம் ஆனதும் ‘குழந்தை முகம் பார்க்குதா?’ என்று கேட்பார்கள். குழந்தை எல்லாவற்றையும்தான் பார்க்கிறது, ஆனால் ‘முகம் பார்க்கிறது’ என்றால் அர்த்தம் வேறு. உன் கண்ணைப் பிடித்துக்கொண்டு, நீ சிரித்தால் தானும் சிரித்து, ‘ங்கா’ என்று ஒன்று சொல்லிவிட்டு, நீ பதில் சொல்கிறாயா என்று காத்திருக்கிறது. நீ ‘ஆமாடா தங்கம், அப்புறம்?’ என்றால் அது அடுத்த ‘ங்கா’வைப் போடும். பேச்சு, நம்பிக்கை, அழுகையை அடக்கிக்கொள்ளப் பழகுவது எல்லாம் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் வேர் பிடிக்கிறது.

இது அறுந்தால் என்ன ஆகும் என்பதை எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் ஓர் எளிய சோதனையில் காட்டினார். தாய் பிள்ளையோடு கொஞ்ச நேரம் வழக்கம்போல் விளையாட வேண்டும். அப்புறம் இரண்டு மூன்று நிமிடம் முகத்தை அசைக்காமல், எந்தப் பாவமும் காட்டாமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளை முதலில் குழம்பும். சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும், அதாவது தாயைத் திரும்பக் கூட்டிவரத் தனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கும். ஒன்றும் பலிக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், தோள் தொங்கிப்போகும், சில பிள்ளைகள் அழும். பார்க்கவே நெஞ்சு அடைத்துக்கொள்ளும். பிறகு தாய் பழையபடி சிரித்துப் பேசியதும் கொஞ்சம் தயங்கிவிட்டுப் பிள்ளை திரும்பி வந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பயந்துவிடக் கூடாது. அதே ட்ரானிக்கின் ஆய்வுகள்தான் இன்னொன்றையும் சொல்கின்றன: நல்லபடியாக இருக்கிற தாயும் பிள்ளையும்கூட முகம் பார்த்து விளையாடும் நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஒத்துப்போகிறார்கள். மீதி நேரமெல்லாம் தவறவிடுவதும், பிறகு சரிசெய்துகொள்வதும்தான். அந்தச் சரிசெய்தல் நடந்துகொண்டே இருந்தால் போதும், பிள்ளை நன்றாக வளரும். குழம்பு கொதிக்கும்போது கூப்பிட்ட பிள்ளையைக் கவனிக்காமல் விட்டதற்காக யாரும் ராத்திரி விழித்திருந்து வருத்தப்பட வேண்டாம். நாள் கணக்கில், வாரக் கணக்கில் அந்த முகம் திரும்பி வராமலே இருப்பதுதான் பிரச்சினை.

ஏன் சிலருக்கு அப்படி ஆகிறது? வேலூர் பக்கத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து செய்த ஓர் ஆய்வு 2002-ல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம், அதாவது ஒன்பது பேருக்கு ஒருவர். எதனால் வந்தது என்று பார்த்தால், குறைந்த வருமானம், ஆண் பிள்ளை வேண்டும் என்றிருந்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் ஒத்துப்போகாதது, கர்ப்ப காலத்தில் நடந்த துயரங்கள், கூடமாட வேலை செய்ய ஆள் இல்லாதது. இந்தப் பட்டியலில் எதுவுமே அந்தப் பெண்ணின் குணக்கேடு இல்லை. ஆனாலும் ‘உலகத்துல நீ ஒருத்திதான் பிள்ளை பெத்தியா’ என்று கேட்கிற வாய்க்கு இன்னும் குறைவில்லை. குடிக்கிற கணவன், அடி உதை, ஊர் விட்டு ஊர் வந்து யாரும் தெரியாத இடத்தில் பிள்ளை பெறுவது, குறைமாதத்தில் பிறந்து வாரக் கணக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பிள்ளையைத் தொடவே பயமாக இருப்பது, இதெல்லாம் சேர்ந்தால் எப்பேர்ப்பட்டவரும் தளர்ந்துதான் போவார்.

சில சமயம் பிள்ளை பக்கத்திலிருந்தும் கம்பி அறுந்திருக்கும். இதைச் சொல்லும்போது செல்மா ஃப்ரைபர்க் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சிகிச்சையே பெரும்பாலும் அவர் போட்ட பாதை. சமூகப் பணியில் பயிற்சி பெற்றவர். மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் வேலை செய்தார், முதலில் பிறவியிலேயே பார்வையில்லாத குழந்தைகளோடு. அந்தப் பிள்ளைகள் முகம் பார்க்காது. சிரிப்பும் குறைவு, முகத்தில் பெரிதாக எதுவும் ஓடாது. ‘என் பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லை’ என்று பெற்றவர்கள் மனசு விட்டுப்போய் மெல்ல விலகிவிடுவார்கள். ஃப்ரைபர்க் எடுத்த படச்சுருள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான், முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குப் பிடிபட்டது. அம்மாவின் குரல் கேட்டதும் பிள்ளையின் விரல்கள் தேடுகின்றன, பிடித்த பொருள் நழுவிப் போனால் விரல்கள் மடங்கி விரிந்து அதைக் கேட்கின்றன. முகத்தில் காணாத ஆசை எல்லாம் கையில் இருக்கிறது. பெற்றவர்களுக்கு அதைக் காட்டிக் கொடுத்ததும், இத்தனை நாள் ஊமை என்று நினைத்த பிள்ளை பேச ஆரம்பித்தது மாதிரி ஆனது அவர்களுக்கு. இந்தச் சிகிச்சையின் பாதி இதுதான்: பிள்ளை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பதைப் படிக்கப் பெற்றவருக்குத் துணை நிற்பது.

மீதிப் பாதி இன்னும் கடினம். 1975-ல் ஃப்ரைபர்க் தன் கூட்டாளிகள் எட்னா அடெல்சன், விவியன் ஷப்பீரோ ஆகியோருடன் எழுதிய கட்டுரை ஒன்றில் ஐந்தரை மாதப் பெண் குழந்தை ஒன்று வருகிறது. அதன் தாய் பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிட முயன்றவர், கணவர் ஒத்துக்கொள்ளாததால் அது நடக்கவில்லை. அவர்கள் எடுத்த வீடியோவில் பிள்ளை தாயின் கையில் இருந்தபடியே கதறுகிறது, ஆனால் ஆறுதலுக்குத் தாயின் பக்கம் திரும்பவே இல்லை. தாய் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறார், தேற்றுவது போல் ஏதோ செய்துவிட்டு விட்டுவிடுகிறார். நிமிடங்கள் போகின்றன, அழுகை நிற்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு எழுந்து போய் அந்தப் பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்ததாம். கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிடுவது சுலபம். அந்தக் குழு அப்படிச் சொல்லவில்லை. இந்தத் தாய்க்கு ஏன் இந்த அழுகை காதில் விழவில்லை என்று கேட்டார்கள்.

அந்தத் தாயின் சின்ன வயசைக் கேட்டபோது விடை கிடைத்தது. அவரைப் பெற்றவளும் பிரசவத்துக்குப் பிறகு மனநலம் கெட்டு அவரைக் கைவிட்டவள். உறவினர் வீட்டில், வறுமையில், யாருக்கும் வேண்டாத பிள்ளையாக வளர்ந்தவர். அவர் அழுதபோது கேட்க யாரும் இருக்கவில்லை. அடெல்சன் அந்த வீட்டுக்குத் தொடர்ந்து போனார். பிள்ளையை எப்படித் தூக்க வேண்டும் என்று பாடம் நடத்தவில்லை, குறை சொல்லவும் இல்லை. அந்தத் தாய் தன் கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டார். ‘அந்தச் சின்னப் பெண்ணுக்கு எவ்வளவு வலித்திருக்கும்’ என்று ஒருவர் முதல்முறையாகக் கேட்டு, தாய் உடைந்து அழுத பிறகு, அதே அறையில், யாரும் சொல்லாமலே பிள்ளையைத் தானே எடுத்து அணைத்துக்கொள்ளத் தொடங்கினார். தன் அழுகை ஒருவர் காதில் விழுந்த பிறகுதான் பிள்ளையின் அழுகை அவர் காதில் விழுந்தது. எனக்கு இந்தச் சிகிச்சையைப் பற்றித் தெரிந்த அத்தனையிலும் பெரியது இந்த ஒன்றுதான்.

கடந்த காலத்திலிருந்து அழைக்காமல் வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிற இந்த நினைவுகளைத்தான் ஃப்ரைபர்க் ‘பேய்கள்’ என்று சொன்னார். கொடுமையை அனுபவித்த எல்லோரும் தங்கள் பிள்ளைக்கு அதையே செய்வதில்லை என்பதையும் அவர் கவனித்தார், நம்மைச் சுற்றிப் பார்த்தாலே அது தெரியும். யாருக்கு அன்று பட்ட வலி வலியாகவே ஞாபகம் இருக்கிறதோ, அவர்கள் ‘என் பிள்ளைக்கு இது நடக்கக் கூடாது’ என்று நிற்கிறார்கள். நடந்தது மட்டும் ஞாபகம் இருந்து வலி மரத்துப்போனவர்களிடம்தான் அது திரும்ப வருகிறது. ‘எங்கப்பா பெல்ட்டால அடிப்பாரு, நாங்க நல்லா வளரலையா?’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

நடைமுறையில் எப்படி இருக்கும் என்றால், இடத்துக்கு இடம் மாறும். ஃப்ரைபர்க் குழு வேலை செய்தது வீடுகளில், சமையலறை மேஜையில். வீட்டில் பால் பவுடருக்குக் காசு இல்லை என்றால், வாடகை பாக்கி என்றால், முதலில் அதற்கு வழி பார்ப்பதும் வேலையில் சேர்த்திதான். நாளைக்கு எங்கே படுப்பது என்று தெரியாதவரிடம் போய் மனசைப் பற்றிப் பேச முடியாது. இன்னொரு முறையில் வீடியோ எடுப்பார்கள்: துணி மாற்றுவதையோ சோறு ஊட்டுவதையோ சில நிமிடம் படம் பிடித்து, அதில் நன்றாக நடந்த சில நொடிகளை மட்டும் பொறுக்கித் தாய்க்குப் போட்டுக் காட்டுவார்கள். ‘இங்க பாருங்க, நீங்க பேர் சொன்னதும் காலை உதைக்கிறதை நிறுத்திட்டு உங்களையே பார்க்கிறா.’ தனக்குத் தாயாக இருக்கவே தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்த ஒருத்தி, அந்த நான்கு நொடியைத் தன் கண்ணால் பார்க்கிறாள். வேறொரு முறையில் பெற்றவர் தரையில் உட்கார்ந்து, எதுவும் சொல்லித்தராமல், பிள்ளை எங்கே போகிறதோ அதன் பின்னாலேயே விளையாட்டில் போக வேண்டும். சொல்லும்போது சும்மா மாதிரி இருக்கும், ‘இப்படிப் பிடி, அப்படி வை’ என்று சொல்லாமல் அரை மணி நேரம் இருந்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

இதற்கெல்லாம் பெரிய படிப்பு படித்தவர்கள் வேண்டாமா, அவர்களுக்கு நாம் எங்கே போவது என்று கேட்பீர்கள். சிக்கலான குடும்பங்களுக்குக் கண்டிப்பாக வேண்டும். ஆனால் தொடக்கத்துக்கு அப்படியில்லை. போன வருடம் ஒரு புதன்கிழமை தடுப்பூசி நாளன்று அக்கா மகளுக்குத் துணையாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மாத ஊசிக்கு வந்த ஒரு பெண்ணிடம், பிள்ளையை எடை பார்த்து அட்டையில் குறித்துவிட்டு, கிராம சுகாதார செவிலியர் ‘நீ எப்படிம்மா இருக்க?’ என்றார். ‘எடை ஏறியிருக்கு சிஸ்டர், நல்லா பால் குடிக்குது’ என்றாள். ‘பாப்பாவைக் கேக்கல, உன்னைக் கேட்டேன்.’ அவள் ஒன்றும் சொல்லாமல் துண்டின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். சிஸ்டர் பிள்ளையை எடுத்து என் மடியில் கொடுத்துவிட்டு, வரிசை காத்திருக்க, அவளைப் பக்கத்து பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, பிள்ளையை வாங்கும்போது அதன் முகத்தைப் பார்த்து வாங்கினாள்.

அந்த மாதிரி ஊழியர்களையே வைத்து ஒரு பெரிய முயற்சி பாகிஸ்தானில் நடந்திருக்கிறது. ராவல்பிண்டி மாவட்டத்தின் கிராமங்களில், வீடு வீடாகப் போகும் பெண் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளைக் கடைசி மாதத்திலிருந்து பிள்ளைக்கு ஒரு வயது நெருங்கும் வரை 16 முறை சந்திக்க வைத்தார்கள். உளவியல் பட்டம் எதுவும் இல்லாதவர்கள் அந்த ஊழியர்கள். மருத்துவர் ஆதிஃப் ரஹ்மானும் அவர் குழுவும் 2008-ல் வெளியிட்ட முடிவின்படி, பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது இந்த உதவி கிடைத்த பெண்களில் 23 சதவீதம் பேர் மனச்சோர்வில் இருந்தார்கள். அதே எண்ணிக்கையில் சாதாரண வீட்டுச் சந்திப்பு மட்டும் கிடைத்தவர்களில் அது 53 சதவீதம். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி கூடியது, அப்பாக்களும் பிள்ளையோடு கூடுதலாக விளையாடினார்கள். அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. ‘உங்கள் மருமகளுக்கு மனசு சரியில்லை’ என்று போனால் எந்த மாமியாரும் கதவைத் திறக்க மாட்டார். ‘பிள்ளை நன்றாக வளரப் பேச வந்திருக்கிறோம்’ என்று போனார்கள், வீடே உட்கார்ந்து கேட்டது. உலக சுகாதார நிறுவனம் பிறகு இதைக் கையேடாகவே வெளியிட்டது.

மாமியார் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பிள்ளையை வளர்ப்பது ஒருத்தி மட்டும் இல்லை, தாயை மட்டும் கூப்பிட்டுப் பேசினால் பாதி வேலைதான் நடக்கும். ராத்திரி ஒரு வேளையாவது பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்கிற கணவனும், ‘நீ தூங்கு, நான் பார்த்துக்கிறேன்’ என்று சொல்கிற பாட்டியும் சிகிச்சையின் பாதி.

சில நேரம் இதெல்லாம் போதாது. மாத்திரை வேண்டியிருக்கும், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் உண்டு, எது என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார், நாமாக நிறுத்தவும் கூடாது. அப்புறம், ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்குப் பிரசவத்துக்குப் பின் கடுமையான மனநோய் வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். தூக்கமே இல்லாமல் போவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, யாரோ பேசுவது கேட்கிறது என்பது, இது என் பிள்ளையே இல்லை என்பது. ஊர்ப்பக்கம் காத்துகருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். கோயிலுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் போய்விடுங்கள், அவளையும் பிள்ளையையும் தனியாக விடாதீர்கள். உயிருக்கே ஆபத்தான நிலை அது, ஆனால் சிகிச்சை எடுத்தால் குணமாகக்கூடியது. முன்பெல்லாம் தாயைச் சேர்த்துக்கொண்டு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரியில் 2009 முதல் தாயையும் சேயையும் சேர்த்தே அனுமதிக்கிற பிரிவு இருக்கிறது. தாய் தேறத் தேற, செவிலியர் பக்கத்தில் இருக்க, பால் கொடுப்பதும் குளிப்பாட்டுவதும் கொஞ்சுவதும் அங்கேயே திரும்ப ஆரம்பிக்கும். நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு பிரிவு வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

சரி, இப்போது நம் கையில் என்ன இருக்கிறது? பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987-ல் ஸ்காட்லாந்தில் உருவான பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் தமிழிலும் இருக்கிறது. போன ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொண்டீர்களா, தூக்கம் வராத அளவுக்கு வருத்தமா என்கிற மாதிரிக் கேள்விகள். ஐந்து நிமிடம்தான் ஆகும், மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டால் தவறில்லை. மதிப்பெண் கூடினால் நோய் என்று அர்த்தமில்லை, ஒருவரை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அர்த்தம். தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வருகிறதா என்பது அதில் கடைசிக் கேள்வி, அதற்கு ‘ஆமாம்’ என்றால் நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். கூப்பிட்டு என்ன சொல்வது என்று நிறையப் பேர் தயங்குகிறார்கள். பிள்ளைக்கு எத்தனை மாதம், நேற்று ராத்திரி மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், இந்த இரண்டில் ஆரம்பியுங்கள், மீதியை அவர்களே கேட்டுக்கொள்வார்கள். பேச முடியாத நிலையில் அவள் இருந்தால் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நீங்களே கூப்பிடலாம், பிள்ளையை யாராவது அந்த நேரத்துக்குத் தூக்கி வைத்துக்கொள்ளட்டும்.